கலைந்த குழுவுக்கு ஒரு நடுகல்கூட இல்லையா?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 அன்று திருவனந்தபுரத்து நண்பர்களின் பக்கங்களில் ஒரு புகைப்படம் தவறாமல் வந்துவிடுகிறது: கண்மூடி வயலின் வாசிக்கும் பாலபாஸ்கர். அதன் கீழே இரண்டு வரி அஞ்சலி. அதற்கும் கீழே, 2018 செப்டம்பரில் பள்ளிப்புறத்தில் நிகழ்ந்தது விபத்தா, சதியா என்னும் முடிவற்ற வழக்காடல். விபத்தே என்று மத்தியப் புலனாய்வுத் துறை கூறிய பின்னும் அது ஓயவில்லை. கேள்வி கேட்பது உறவினரின் உரிமை. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. என் வழக்கு நம்மோடு, அதாவது ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தோடுதான்.

பாலபாஸ்கர் வயலினைத் தம் தாய்மாமன் பி. சசிகுமாரிடம் மரபுவழிக் கற்றவர். ஆனால் இந்நகரத்து இளைஞர்கள் அவரைக் கண்டெடுத்தது ஒரு குழுவின் நடுவே. யூனிவர்சிட்டி கல்லூரி மாணவராயிருந்தபோது தோழர்களுடன் அவர் தொடங்கியது ‘கன்ஃப்யூஷன்’. கல்லூரிக்குள்ளிருந்து எழுந்த இசைக்குழுக்களுள் கேரளத்தின் முதலாவது என்றே பலரும் அதைக் குறிப்பிடுவர். குழு கலைந்தது. அவர் வளர்ந்தார். நம் நினைவோ வளர்ந்தவரை மட்டும் பற்றிக்கொண்டு, கலைந்ததைக் கைவிட்டது. உடன் வாசித்தவர்கள் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ‘சில நண்பர்கள்’ என்னும் இரு சொற்களாகச் சுருங்கிப்போயினர்.

இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் அவரைப் பற்றி நான் படித்த கட்டுரையில் வயலினுக்குப் பல பக்கங்கள். குழுவுக்கு ஒரே வாக்கியம். அன்று எவரும் என்னைத் தடுக்கவில்லை. பின்னர், இத்தகைய குழுக்களையே ஆய்வுப்பொருளாக எடுக்க விரும்பியபோதுதான் தடை வந்தது. “மேலைநாட்டுப் போலிதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது?” என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர்.

அவர் வினாவை நேர்மையான வினாவாகவே எடுத்துக்கொள்வோம். கொச்சியில் 1977-இல் உருவான ‘13ஏடி’ ஆங்கிலத்தில் பாடியது. 1990-களில் அதே நகரிலிருந்து வந்த ‘மதர்ஜேன்’ குழுவும் ஆங்கிலத்திலேயே பாடியது. அவற்றைப் போலி என்று தள்ளுவது எளிது, சரியன்று எனினும். ஆனால் 2003-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த ‘அவியல்’ குழுவை என்ன செய்வது? 2008-இல் வெளிவந்த அதன் முதல் தொகுப்பில் ‘ஆடு பாம்பே’ என்றொரு பாடல் உண்டு. அதன் சொற்கள் ஸ்ரீ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டிலிருந்து வந்தவை. குருவோ இந்நகரை அடுத்த செம்பழந்தியில் பிறந்தவர். தைக்காட்டில் வாழ்ந்த தமிழரான அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர். தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர். பாம்பாட்டிச் சித்தரைப் படித்த எவருக்கும் அப்பாட்டின் மூலச்சாயல் விளங்கும். தமிழ்ச் சித்தர் மரபு மலையாளத்தில் உருமாறி, ஒரு நூற்றாண்டு கழித்து மின்கிதாரின் மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. தமிழ், மலையாளத் துறைகள் இரண்டும் சேர்ந்து ஆராய வேண்டிய பொருள் இதைவிட வேறென்ன வேண்டும்? போலி என்பவர் முதலில் பாட்டைக் கேட்கட்டும்.

இங்கும் அதே நோய்தான். அவியலிலிருந்து திரையிசைக்குச் சென்று புகழ்பெற்ற ரெக்ஸ் விஜயனைப் பற்றி எழுத ஆளுண்டு. டோனி ஜானின் குரலும், பின்னி ஐசக்கின் பேஸ் கிதாரும், மிதுன் புத்தன்வீட்டிலின் டிரம்ஸும் இன்றி அந்த ஒலி இல்லை. தொகுப்பு வருமுன்பே விலகிய முதற்பாடகர் ஆனந்தராஜ் பெஞ்சமின் பாலின் பங்கை எந்த ஆய்வேடு எழுதும்? விலகியவரின் வரலாறும் குழுவின் வரலாறே.

இஃது ஏதோ புதிய கோட்பாடு என்று எண்ண வேண்டா. மலைபடுகடாம் எவ்வாறு தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். வள்ளல் நன்னனின் புகழுக்கு முன்பே, கூத்தர் சுமந்து செல்லும் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார் புலவர். தலைவன் ஒருவன் மட்டும் வழிநடக்கவில்லை. ஒரு சுற்றமே நடக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தாளக்கருவிக்குக் கிடைத்த மரியாதையை இன்று நம் அடிக்குறிப்புகூடத் தர மறுக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கன்ஃப்யூஷன் பிறந்த அதே கல்லூரியில்தான், அது மகாராஜா கல்லூரி என்று வழங்கிய நாளில், மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராயிருந்தார். திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றிக் கதைகளே நிறைந்திருந்தபோது, கல்வெட்டுகளைத் தேடிப் படித்துக் காலவரிசை கண்டவர் அவர். கல்லுக்கு அவர் காட்டிய பொறுமையை நாம் ஒரு கேசட்டுக்குக் காட்டலாகாதா? கல்வெட்டு காத்திருக்கும், ஒலிநாடா காத்திருக்காது. அதிலும் இவ்வூர் மழைக்கும் புழுக்கத்துக்கும் நாடாவில் பூஞ்சை படர நெடுங்காலம் வேண்டியதில்லை.

‘ஆவணம் இல்லையே’ என்பது அடுத்த மறுப்பு. ஆவணம் தானாக முளைப்பதில்லை. 1990-களின் கல்லூரி மேடைகளில் வாசித்தவர்களுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயதுதான் இருக்கும். வங்கியிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவரிடம் சென்று கேட்கலாம்: எங்கே ஒத்திகை பார்த்தீர்கள்? கருவி யாருடையது, வாடகை எவ்வளவு? எந்தப் பாடலுக்கு அரங்கம் எழுந்து நின்றது? எதற்காகப் பிரிந்தீர்கள்? இறுதிக் கேள்வியைக் கூச்சமின்றிக் கேளுங்கள். பணமா, பரீட்சையா, திரைப்பட வாய்ப்பா, வீட்டாரின் அச்சமா என்பது ஒரு தலைமுறையின் சமூக வரலாறு. அது தனிமனிதரைப் பற்றிய வம்பு அன்று.

ஆகவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த அக்டோபர் 2 அன்று புகைப்படத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் கல்லூரியில் என்றோ கலைந்துபோன ஒரு குழுவின் ஓர் உறுப்பினரையேனும் கண்டு, ஒரு மணி நேரம் பேசிப் பதிவுசெய்யுங்கள். முன்வரிசைப் பாடகரைத் தேடாதீர்கள். அவரை உலகம் பார்த்துக்கொள்ளும். பின்னால் நின்று தாளம் காத்தவரைத் தேடுங்கள்.

பேராசிரியர்களுக்கோ ஒரே வினா. இறந்தவரைப் போற்றுகிறோம், அவரோடு வாசித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை மறப்பதற்கு நம்மிடம் என்ன நியாயம் உண்டு?