பஞ்சும் பவர் கட்டும் தாங்குமா? லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வாங்கும் முன்...

திருப்பூரில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் கம்பெனியின் மேசையில் இருக்கும் லேப்டாப்புக்கு ஓய்வே கிடையாது. பகலில் டாலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பையர் அனுப்பிய டெக் பேக், பிரின்டிங்குக்குப் போகும் டிசைன்கள். சனிக்கிழமை ஆனால் பீஸ் ரேட் சம்பளக் கணக்கு. இரவு வீட்டுக்கு வந்தால் கல்லூரி போகும் மகளின் ப்ராஜெக்ட். இத்தனையும் ஆறேழு வருடப் பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓடுகிறது. காலையில் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், குடித்து முடித்து வரும்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

"ஒரு எஸ்எஸ்டி போடுங்கண்ணா, பறக்கும்" என்று சர்வீஸ் கடைத் தம்பி சொல்வது உண்மைதான். லேப்டாப்பில் இருக்கும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. அதன் மேல் ஒரு ஊசி அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. நொடிக்கு நூறு இடங்களை எட்டுவதே அதற்குப் பெரும்பாடு. எஸ்எஸ்டியில் சுழலவும் ஓடவும் எதுவும் இல்லை. சிப்பில் இருக்கும் தகவலை மின்சாரமே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. எந்த எஸ்எஸ்டி போட்டாலும் வேகம் கூடும். ஆகவே கேள்வி வேகம் பற்றியது அல்ல. நான்கு வருடம் கழித்தும் அது உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சொல்லிவிட்டுச் சாகும். கரகரவென்று சத்தம் வரும், கோப்பு திறக்கத் திணறும், நமக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். எஸ்எஸ்டி அப்படியல்ல. நேற்று இரவு நன்றாக இருந்தது, இன்று காலை லேப்டாப்புக்கே அது தெரியாது. மீட்டெடுக்கலாம் என்று போனால் செலவும் அதிகம், உத்தரவாதமும் இல்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 'டிஸ்க் போய்விட்டது' என்பதை அதிகாரி ஒரு காரணமாக எடுத்துக்கொள்வாரா என்பதை ஆடிட்டரிடம் கேட்டால் சொல்வார்.

முதலில் லேப்டாப்பே இந்தச் செலவுக்குத் தகுதியா என்று பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்தைய சிப் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அந்த மாதிரி லேப்டாப்பில் விலை உயர்ந்த எஸ்எஸ்டி போடுவது, கழித்துக்கட்ட வேண்டிய ஓவர்லாக் மெஷினுக்குப் புது மோட்டார் மாட்டுவது போல. 4 ஜிபி ரேம் மட்டுமே இருந்தால் அதையும் சேர்த்து 8 ஆக்கினால்தான் முழுப் பலன். ரேம் போதாதபோது விண்டோஸ் எஸ்எஸ்டியையே தற்காலிக ரேமாக்கி எழுதித் தள்ளும்.

அடுத்தது, எது பொருந்தும் என்பது. பழைய லேப்டாப்பில் இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். அதே அளவில் சாட்டா எஸ்எஸ்டி கிடைக்கிறது. நொடிக்கு 550 எம்பி அதன் உச்சம். புதியவற்றில் சூயிங்கம் துண்டு போன்ற எம்.2 பலகை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது செருகினால் உட்கார்ந்தாலும் வேலை செய்யாமல் போகலாம். நீளத்தையும் பார்க்க வேண்டும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டிகளும் உள்ளன. லேப்டாப்பின் அடிப்பக்க மாடல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் விவரம் வந்துவிடும். சில மெல்லிய லேப்டாப்களில் சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதில் மாற்ற வழியே இல்லை.

பொருந்துவது தெரிந்த பிறகு வருவது பிராண்டு. பனியன் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. உலகத்தில் எஸ்எஸ்டியின் சிப்பைத் தயாரிக்கும் பெரிய ஆலைகள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியோக்ஸியா, சான்டிஸ்க், சீனாவின் ஒய்எம்டிசி என்று ஐந்தாறுதான். நூல் மில் ஐந்தாறு, அதை வாங்கித் தைத்து லேபிள் ஒட்டும் பிராண்டு நூற்றுக்கணக்கில். சொந்த மில் வைத்திருப்பவர் தன் நூலின் தரத்தை அறிவார். மற்றவர் அந்த மாதம் எது மலிவோ அதை வாங்குவார்.

விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் நடப்பது அதுதான். கிங்ஸ்டனின் என்வி2 என்ற பிரபல மாடலில், ஒரே பெயருக்குள் வெவ்வேறு கன்ட்ரோலர்களும் வெவ்வேறு வகைச் சிப்களும் வந்ததைச் சோதனை செய்தவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். டையிங்கில் லாட்டுக்கு லாட் ஷேடு மாறுவது போல இது. முதல் லாட்டைப் பாராட்டி எழுதிய விமர்சனத்தை நம்பி மூன்றாவது லாட்டை வாங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? மோசமானது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் கம்பெனிக் கணக்கு வைக்கும் லேப்டாப்புக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தயாரிப்பாளரே உறுதியாகச் சொல்லும் மாடலே மேல்.

டிஎல்சி, க்யூஎல்சி என்பவை சிப்பின் வகைகள். ஒரு சிறு அறையில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு திணித்தால் க்யூஎல்சி. நான்கில் இடம் மிச்சம், ஆயுள் குறைவு. பெரிய கோப்பைத் தொடர்ந்து எழுதும்போது வேகமும் படுத்துவிடும். டிஎல்சி கேட்டு வாங்குவது நல்லது. சாட்டா வகையில் டிராம் எனப்படும் சின்ன நினைவகம் உள்ளதா என்றும் கேட்கலாம். என்விஎம்இயில் அது இல்லாவிட்டாலும் லேப்டாப்பின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும்.

எஸ்எஸ்டியின் விவரக்குறிப்பில் டிபிடபிள்யூ என்று ஓர் எண் இருக்கும். வாரண்டி முடியும்வரை எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு அது 300. ஐந்து வருட வாரண்டி. கிங்ஸ்டன் ஏ400-ன் 480 ஜிபிக்கு 160, மூன்று வருடம். பெரிய வித்தியாசமாகத் தெரிகிறதா? ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினால் 300 டெராபைட் தீர 27 வருடம் ஆகும். 160 தீர 14 வருடத்துக்கு மேல். டாலியும் எக்செல்லும் பார்ப்பவர் 30 ஜிபி எழுதவே மாட்டார். நாள் முழுக்க ஃபோட்டோஷாப்பில் பிரின்ட் டிசைன் செய்பவர் 100 ஜிபி எழுதினாலும் 300 டெராபைட்டுக்கு எட்டு வருடம் உண்டு. அதாவது, தேய்ந்து சாகும் எஸ்எஸ்டி குறைவு. வேறு எதனாலோதான் சாகிறது.

கூகுளின் டேட்டா சென்டர்களில் ஆறு ஆண்டுகள் ஓடிய பத்து மாடல்களின் பதிவுகளை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர் குழு ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டது. எவ்வளவு எழுதினோம் என்பதைத் தவிர, எத்தனை வயதாகிவிட்டது என்பதும் தனியாகவே கோளாறுக்குக் காரணமாவதைக் கண்டார்கள். ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்எஸ்டியை மாற்ற வேண்டி வந்தது குறைவுதான். ஆனால் படிக்க முடியாமல் போகும் தகவல் எஸ்எஸ்டியில்தான் அதிகம். விலை உயர்ந்த சிப் வகை கூடுதல் நம்பகம் தரவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் இன்னொரு எமன். எச்பிஇ நிறுவனம் தன் சர்வர்களுக்கு விற்ற சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று 2019-ல் அந்த நிறுவனமே எச்சரித்தது. மூன்று வருடம் 270 நாள் 8 மணி நேரம்! ஒரே நாளில் மாட்டியவை ஒரே நேரத்தில் சாகும் நிலை. காரணம், மணியை எண்ணும் மென்பொருளில் இருந்த பிழை. 2023 தொடக்கத்தில் சாம்சங்கின் 980 ப்ரோ 2 டிபி மாடலில் ஒரு பழைய ஃபர்ம்வேர், டிஸ்க்கைப் படிக்க மட்டும் முடிகிற நிலைக்குத் தள்ளிய பிரச்னை பேசப்பட்டது. புது ஃபர்ம்வேர் கொடுத்தார்கள். பெரிய பிராண்டுக்கும் தவறு வரும். ஆனால் அவர்களிடம் திருத்தம் வரும், அதை ஏற்றும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கும். பெயர் தெரியாத பிராண்டில் தவறு வந்தால் கேட்க ஆளே இருக்காது.

இனி திருப்பூருக்கே உரிய இரண்டு விஷயங்கள்.

ஒன்று, கரன்ட். எஸ்எஸ்டி எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால், எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற அதன் அட்டவணையே குழம்பிப்போகலாம். 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 15 எஸ்எஸ்டிகளை வேண்டுமென்றே திடீர் திடீரென்று மின்சாரம் துண்டித்துச் சோதித்தார்கள். 13 டிஸ்க்குகள் ஏதாவது ஒரு வகையில் தவறின. சிலவற்றில் தகவல் கெட்டது. ஒன்று முழுவதுமாகச் செத்தது. லேப்டாப்பில்தான் பேட்டரி இருக்கிறதே என்று கேட்கலாம். பல கம்பெனி மேசைகளில் அந்த பேட்டரி எப்போதோ போய்விட்டது. சார்ஜரிலேயே ஓட்டுகிறார்கள். ஈபி கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் இருக்கும் அந்தச் சில நொடிகளில் லேப்டாப் ஒவ்வொரு முறையும் பட்டென்று சாகிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: பத்து நிமிடமாவது நிற்காவிட்டால், எஸ்எஸ்டிக்கு முன்பு வாங்க வேண்டியது பேட்டரி அல்லது சின்ன யுபிஎஸ். இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு விலை உயர்ந்த எஸ்எஸ்டியைத் தேடுவதில் அர்த்தமே இல்லை.

இரண்டு, பஞ்சு. நிட்டிங், கட்டிங், ஓவர்லாக் நடக்கும் இடத்தில் பறக்கும் பஞ்சுத்தூசி லேப்டாப்பின் விசிறியில் ஒட்டி, கம்பளிப் போர்வை போலக் காற்றுவழியை மூடிவிடுகிறது. உள்ளே கொதிக்கிறது. என்விஎம்இ எஸ்எஸ்டி சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிவேக மாடல்கள்தான் அதிகம் சூடாகும். நொடிக்கு 7,000 எம்பி என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்து, பஞ்சு அடைத்த லேப்டாப்பில் மாட்டுவது வீண். டாலிக்கும் டெக் பேக்குக்கும் நடுத்தர வேக மாடல் தாராளம். எஸ்எஸ்டி மாட்ட லேப்டாப்பைத் திறக்கும் அன்றே விசிறியையும் சுத்தம் செய்து தரச் சொல்ல வேண்டும்.

வாங்கும் இடத்தில் கவனம். ஆன்லைனில் நம்ப முடியாத விலையில் 16 டிபி, 30 டிபி என்று வருபவை போலி. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய கொள்ளளவு என்று லேப்டாப்பிடம் பொய் சொல்லவைத்திருப்பார்கள். எழுத எழுதப் பழையது அழியும். காதர்பேட்டையில் பிராண்டு லேபிள் போட்ட செகண்ட்ஸ் பனியனைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பவர்கள் இதில் ஏமாறுவது வேடிக்கை. தடவிப் பார்க்க வழியில்லாததால் பில்லும் சீரியல் எண்ணும்தான் துணை. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணைக் குறிக்கச் சொல்லி, அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டித் தேதியைப் பார்த்துவிடலாம். பில் கம்பெனி பெயரில் இருந்தால் வரிக் கிரெடிட்டும் உண்டு. வாரண்டியில் புது டிஸ்க் வரும். உள்ளிருந்த கணக்கு வராது.

ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏறிவிட்டது. மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டின் சில்லறை விற்பனையை நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஏற்கெனவே விற்றவற்றுக்கு வாரண்டி தொடரும் என்றது. விலை ஏறும் காலத்தில்தான் போலிகளும் பழையதைப் புதிதாக்கி விற்பதும் பெருகும். புதிதாக வாங்கியதை மாட்டியதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். புதிதில் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். என்விஎம்இ வகையில் 'அன்சேஃப் ஷட்டவுன்ஸ்' என்ற எண்ணும் வரும். எத்தனை முறை பட்டென்று கரன்ட் போயிருக்கிறது என்ற கணக்கு அது. மாதம் ஒருமுறை பார்க்கலாம். ஏறிக்கொண்டே போனால் பேட்டரியைக் கவனிக்க வேண்டும்.

மாற்றும் நாளை ஷிப்மென்ட் வாரத்திலோ ரிட்டர்ன் கடைசித் தேதியிலோ வைத்துக்கொள்ளக் கூடாது. டாலி லைசென்ஸைப் பழைய டிஸ்க்கிலிருந்து முறைப்படி சரண்டர் செய்துவிட்டு மாற்றினால் அலைச்சல் இல்லை. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை ஒரு காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைக்க வேண்டும். லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு, பழைய சீசன் சாம்பிள் படங்களுக்கும் டாலி பேக்கப்புக்கும் பயன்படுத்தலாம். மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் ஷெல்ஃபில் கிடக்கும் கோப்புகளுக்கு எஸ்எஸ்டியைவிட அதுவே பொருத்தம். ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைத் தாங்கினால் போதும் என்பதுதான் தொழில்துறை வகுத்த அளவு. நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய அறை 30 டிகிரியில் நிற்பதில்லை. அந்தப் பேக்கப் டிஸ்க் கம்பெனியில் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் பழைய கோப்புகளையும் உடனே அழிக்க வேண்டாம். புது எஸ்எஸ்டியில் நான்கு சனிக்கிழமைச் சம்பளமும் ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்னும் தடங்கலில்லாமல் போன பிறகு அழித்தால் போதும்.