சின்ன ஆள்

2022 கோடையில் மதுரையில் எங்கள் வீட்டைப் பழுது பார்த்தேன். குளியலறையிலிருந்து கூடத்துச் சுவருக்கு ஓதம் ஏறியிருந்தது. அடுப்படி மேடையையும் இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. காண்ட்ராக்டரிடம் விடவில்லை. சிமெண்ட், எம்-சாண்ட், டைல்ஸ் எல்லாம் நானே வாங்கினேன். கொத்தனாரையும் ஆட்களையும் நாள் கூலிக்கு நானே பேசினேன். தோழிகள் பாராட்டினார்கள். 'பெண்ணால் முடியும்' வகைப் பாராட்டு. அதை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பாராட்டில் பாதி நியாயம் உண்டு. வீடு என் பெயரில், கடன் என் சம்பளத்தில். ஆனாலும் முதல் நாள் கொத்தனார் கேட்டது, "சார் எப்ப வருவாரு மேடம்?" சார் வந்தாலும் அவருக்கு வாட்டம் தெரியாது. தண்ணீர் வடிகுழாயைப் பார்த்து ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவுதான் வாட்டம். பழைய குளியலறையில் அது சுவர் மூலைக்குப் போயிருந்தது. ஓதத்துக்குக் காரணமே அதுதான். இந்த முறை டைல்ஸ் ஒட்டும் முன்பு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். தேங்கியது. கொத்திவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன்.

மேடைக்கு, "எல்லா வீட்டுலயும் ரெண்டே முக்கால் அடிதான் மேடம்" என்றார். யாருடைய முழங்கைக்கு அளந்த அடி அது? நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இருபது வருடம் தோளைத் தூக்கிக்கொண்டே மாவு பிசைந்தவள். சுவரோரம் நின்று, முழங்கைக்கு அரை அடி கீழே கரித்துண்டால் கோடு கிழித்தேன். 31 அங்குலம் வந்தது.

இதுவரை நான் வென்ற கதை. சனிக்கிழமை கூலி கொடுக்க உட்கார்ந்தபோதுதான் நான் யாராகியிருக்கிறேன் என்று தெரிந்தது. கொத்தனாருக்கு 1000, பெரியாளுக்கு 800, சித்தாளுக்கு 550. பெரியாள் ஆண், சித்தாள் பெண். கொத்தனாருக்குத் தொழில் நுட்பம் தெரியும், அவரை விடுங்கள். மற்ற இருவரும் செய்ததை ஆறு நாள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். இருவரும் மணல் சலித்தார்கள், கலவை போட்டார்கள், இடித்ததை அள்ளிச் சுமந்தார்கள். அந்த அக்கா கூடுதலாக டீ வாங்கி வந்தார், பூசிய சுவருக்குத் தண்ணீர் அடித்தார், சாயங்காலம் சட்டியும் கரண்டியும் கழுவி வைத்தார். அதற்கு 250 ரூபாய் குறைவு. தமிழ் படித்தவள் என்பதால் சொல்கிறேன், சிற்றாள்தான் சித்தாள். சின்ன ஆள். கூலியைச் சொல்லிலேயே குறைத்து வைத்திருக்கிறோம்.

காண்ட்ராக்டர் இருந்திருந்தால் இந்தக் கணக்கு என் கண்ணில் பட்டிருக்காது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு நான் பெண்ணியக் கவிதை எழுதிக்கொண்டிருந்திருப்பேன். அவரை விலக்கி மிச்சம் பிடித்ததாகப் பெருமைப்படுகிறோமே, அது யார் வயிற்றில் பிடித்த மிச்சம்?

சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. கட்டுமானத் தொழிலாளருக்கென்று 1996-இல் வந்த சட்டம் கழிப்பறை வசதியைக்கூடச் சொன்னது. சொந்த வீட்டு வேலைக்குப் பத்து லட்சத்துக்கு மேற்படாமல் செலவழிக்கும் தனிநபரை மட்டும் விட்டுவிட்டது. அதாவது என்னை. கீழே குளியலறையை இடித்துப் போட்டிருந்தேன். மாடியில் எங்களுக்கு இன்னொன்று இருந்தது. அக்கா எங்கே போகிறார் என்று மூன்று நாள் நான் கேட்கவேயில்லை. போக இடமில்லாததால் அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்பது நாலாம் நாள்தான் தெரிந்தது. பெண்ணுடலைப் பற்றி எழுதுகிற கவிஞர் நான்.

இரண்டாம் வாரம் அவருக்கும் 800 கொடுத்தேன், முதல் வாரத்துப் பாக்கியையும் சேர்த்து. பெரியாள் ஒன்றும் சொல்லவில்லை. கொத்தனாருக்குத்தான் கோபம். "பழக்கிவிடாதீங்க மேடம், நாளைக்கு எங்கிட்டயும் கேக்கும்." கேட்பார் இல்லை, கேட்பாள்கூட இல்லை. கேட்கும். அஃறிணை.

நடுத்தர வர்க்கத்துப் பெண், கடன் வாங்கிக் கட்டுகிறவள், இதற்கெல்லாம் எங்கே போவாள் என்று கேட்பீர்கள். மூன்று வாரத்துக்கு 4500 ரூபாய் கூடுதலாக ஆனது. குளியலறைச் சுவரில் ஒரு வரிசை பூப்போட்ட டைல்ஸுக்கு நான் கொடுத்தது அதைவிட அதிகம்.

கரண்டி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்களேன் என்று அக்காவிடம் ஒரு நாள் அறிவுரை வேறு சொன்னேன். சிரித்தார். "பதினெட்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். குடுத்தாப் பூசிருவேன். யாரு குடுக்கா?"

எங்கள் வேலை முடிந்ததும் அதே ஆட்கள் என்னுடன் பணிபுரியும் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே அக்கா 800 கேட்டிருக்கிறார். அன்றிரவே எனக்குப் போன் வந்தது. "ஏம்ப்பா, ரேட்டைக் கெடுத்து வச்சிருக்கியே?" மகளிர் தினத்தன்று நாங்கள் இருவரும் ஒரே மேடையில் பேசுகிறவர்கள். மாடிக் கழிப்பறையை அவருக்குத் திறந்துவிட்டாயா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.