பாதிப் பருவத்தில் எழுதும் தீர்ப்பு



சென்ற வாரம் பள்ளித் திடலில் இரண்டு கோல்களை விட்டுவிட்ட நான்காம் ஆண்டு மாணவனைப் பார்த்து, "நீ முடிஞ்சிட்ட!" என்றான் அவன் நண்பன். இச்சொல்லை எங்கே கற்றான்? தாசேக் கெலுகோர் உணவகங்களில், காற்பந்து பேசும் நம்மிடம்தான்.

2016 பிப்ரவரியில் பாகாங்கிற்கு எதிராகப் பினாங்கு ஆட்டக்காரர் முகமட் ஃபாயிஸ் சுப்ரி அடித்த கோல், 2017 ஜனவரியில் அவருக்கு ஃபீஃபாவின் புஸ்காஸ் விருதைப் பெற்றுத் தந்தது. நாம் கொண்டாடினோம். அவ்வாண்டே பினாங்குக் குழு சூப்பர் லீக்கில் தடுமாறியது. பருவம் பாதி கடக்குமுன்னரே, கொண்டாடிய வாய்களே தூற்றியதைக் கேட்டேன்.

குழு கடைசி இடத்திற்குச் சரிந்து கீழிறங்கியது உண்மை. ஆனால் 2020-இல் பிரிமியர் லீக் வெற்றியாளராகி மீண்டது. 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். 2022-இல் மீண்டும் கடைசி. இவற்றுள் எந்த ஆண்டின் தீர்ப்பு இறுதியானது?

விமர்சனமே கூடாது என்பதன்று என் வாதம். ஆட்டத்திறன் சரிந்தால் காயமா, களைப்பா, பந்து தந்து உதவத் துணையில்லையா என்று கேட்பதே விமர்சனம். காரணம் தேடாதது வெறும் ஏச்சு.

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிக்கப்பட்டது; நம் தீர்ப்பெழுதும் பழக்கம் ஒழியவில்லை. ஆண்டின் நடுவே கணிதத்தில் சறுக்கிய பிள்ளையை, "இவனுக்கு வராது" என்கிறோம். ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லர்.

பெற்றோரே, அடுத்த ஆட்டம் தோற்றால் தாராளமாகப் பேசுங்கள். பக்கத்து நாற்காலியில் பிள்ளை அமர்ந்திருப்பதை மட்டும் மறவாதீர்கள்.