அஞ்சுக்கு மூணு வாங்கினால் பாஸ் இல்லை

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. அனகாபுத்தூரிலோ பொழிச்சலூரிலோ யாரை நிறுத்திக் கேட்டாலும் டக்கென்று சொல்வார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம் அது. தாழ்வு மண்டலத்துக்கும் புயலுக்கும் உள்ள வித்தியாசம்கூட அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அதே தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பையன்கள் டிசம்பர் விடுமுறையில் டெல்லி ரயிலேறி, டேராடூன் வழியாகக் கேதார்காந்தாவுக்குப் பனி ஏறப் போகிறார்கள். (மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டும் ஊர்!) கிளம்பும் முன் தலைக்கு எவ்வளவு, ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்குமா, போன் சார்ஜ் போட வசதி உண்டா என்று எல்லாம் விசாரிப்பார்கள். பனிச்சரிவு பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

மேலே மலை உச்சியிலிருந்து தானாக உருண்டு வருவதுதான் பனிச்சரிவு என்று சினிமா பழக்கிவிட்டது. நிஜத்தில், சிக்கிக்கொள்பவர்களில் பெரும்பாலானோருக்கு அதைக் கிளப்பிவிட்டதே அவர்களோ அவர்கள் கூட வந்தவர்களோதான். சாய்த்து வைத்த பலகையில் ரவையைத் தூவி, அதன்மேல் கனமான புத்தகம் ஒன்றை வைத்துப் பாருங்கள். பழைய பனியில் ரவை மாதிரி ஒட்டாத அடுக்கு ஒன்று உருவாகியிருக்கும். அதன்மேல் புதுப்பனி கனமாக உட்காரும். 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஓர் ஆள் நடந்தாலே மொத்தப் பாளமும் நழுவப் போதும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். அரை மணி தாண்டிவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைத்தாலே அதிகம். அதற்குள் வெளியிலிருந்து உதவி வருவது நடக்காத காரியம்.

எச்சரிக்கையே இல்லையா என்றால், இருக்கிறது. சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் மாவட்டவாரியாக, உயரத்தைக் குறிப்பிட்டு அறிவிக்கிறது. 2025 பிப்ரவரி 28 காலை மாணாவில் சாலைப் பணியாளர் முகாமைப் பனி மூடி 8 பேர் இறந்தார்களே, அந்த சமோலி மாவட்டத்துக்கு முந்தின நாளே எச்சரிக்கை வந்திருந்தது.

படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் அபாய அளவு 1 முதல் 5 வரை. அஞ்சுக்கு மூணு என்றதும் 60 மார்க், தாராளமாகப் பாஸ் என்றுதான் நம் புத்தி கணக்குப் போடும். ஆனால் அங்கே அதிகம் பேர் சாவது 3-ம் எண் நாளில்தான். 5 என்றால் யாரும் வெளியே போவதில்லை. 3 என்றால் 'பார்த்துப் போய்க்கலாம்' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

வானம் தெளிந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்பதும் தப்புக் கணக்கு. 2014 அக்டோபர் 12-ல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. சென்னைக்காரர்கள் 'அப்பாடா, தப்பித்தோம்' என்று அதோடு மறந்துவிட்டார்கள். அதன் மிச்சம் நேபாளம் வரை போய் 14-ம் தேதி அன்னபூர்ணா பகுதியில் பனியாகக் கொட்டியது. பனிப்புயலிலும் சரிவுகளிலும் குறைந்தது 43 பேர் போனார்கள். வங்காள விரிகுடாப் புயல்! புதுப்பனி கொட்டி ஓய்ந்த அடுத்த ஓரிரு நாட்கள்தான் ரொம்ப மோசம். ஆனால் மலையேறுபவர்களுக்கு அதுதான் போட்டோவுக்கு ஏற்ற நாள்.

தெரிந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றும் இல்லை. 2022 அக்டோபர் 4-ல் திரௌபதி கா டண்டா சிகரத்தில் சிக்கியது உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு. அதே வருஷம் எவரெஸ்ட் ஏறிய பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அதில் இறந்தார்.

இதில் பணத்துக்கும் பங்கு உண்டு. பி.காம் பாடத்தில் 'சங்க் காஸ்ட்' என்று வரும். செலவழித்துவிட்ட காசு திரும்பாது, அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்பார்கள். பரீட்சையில் எல்லாரும் சரியாக எழுதுவார்கள். ரயில் டிக்கெட், கம்பெனி லீவு, திரும்பி வராத முன்பணம் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு 12,000 அடியில் நிற்பவன் 'இன்னிக்கு வேணாம், இறங்கிடலாம்' என்று சொல்வானா? வழிகாட்டி சொன்னாலும் 'இவ்வளவு கட்டியிருக்கோம்' என்று சண்டைக்குத்தான் போவான்.

ஆக, மலையேற்ற நிறுவனங்கள் விளம்பரத்திலேயே இரண்டு விஷயங்களை எழுதியாக வேண்டும். எந்த எச்சரிக்கை வந்தால் திரும்பிவிடுவோம் என்பது ஒன்று, திரும்பினால் பணம் என்ன ஆகும் என்பது இன்னொன்று. கேட்டால் 'இதுவரை ஒண்ணும் ஆனதில்லை சார்' என்று சிரிப்பவரிடம் பணம் கட்டுவதைவிடக் கொல்லிமலைக்குப் போய் வரலாம். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, த்ரில்லுக்குக் குறைச்சல் இல்லை.