தாயைக் குற்றவாளியாக்கிய ஊர்

2019 செப்டம்பர் 21. ஜப்பானின் யமனாஷி மாகாணத்தில் டோஷி என்றொரு மலைக்கிராமம். அங்கே கூடாரமடித்துத் தங்கப் போன குடும்பங்களில் ஏழு வயதுப் பிள்ளையொன்று. முதலாம் தரம் படிப்பவள். சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டு, முன்னே போன கூட்டாளிகளைத் தேடிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை. பொலிஸார், தீயணைப்புப் படை, தற்பாதுகாப்புப் படை, தொண்டர்கள் என 16 நாட்கள் பெருந்தொகையானோர் தேடியும் கிடைக்கவில்லை.

எங்களை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்ற தாயைப் பார்த்து, "நீதான் ஏதோ செய்திருக்கிறாய்" என்று இணையத்தில் எழுதினார்கள். காசு சேர்க்க நடிக்கிறாள் என்றார்கள். இப்படி அவதூறு எழுதிய ஒருவருக்கு நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. மற்றவர்கள்?

நாங்கள் மட்டும் என்ன? வட்ஸ்அப் குழுவில் "பிள்ளையைக் காணவில்லை" என்று படம் வந்தால், பொலிஸில் சொல்லியாச்சா என்று கேட்க முதல், "உம்மா எங்கே பார்த்துக்கொண்டிருந்தா?" என்று கேட்கிறோம். சுற்றுலா கூட்டிப்போய் தலையெண்ணும்போது ஒன்று குறைந்தால் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பஸ்ஸின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். கிடைத்துவிடுவதால்தான் எங்களை யாரும் ஏசுவதில்லை.

2022 ஏப்ரலில் தொண்டர் ஒருவர் மலையில் எலும்பொன்றைக் கண்டார். கூடாரமடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றர் கூட இல்லை. அது அவளுடையதுதான் என்று மே மாதம் மரபணுப் பரிசோதனையில் உறுதியானது. எப்படி அங்கே போனாள், எப்படி இறந்தாள் என்பதைப் பொலிஸாராலும் சொல்ல முடியவில்லை.