பாதிச் சாறு, முழு விலை: பிராங்பேர்ட் கடைத் தட்டில் நாம் வாங்குவது எதை?

பிராங்பேர்ட்டிலிருந்து மைன்ஸ் பக்கமாகப் போனால் ஒரு மணித்தியாலத்திற்குள் நீடர் ஓல்ம் என்ற சிறிய ஊர் வந்துவிடும். யேர்மனியின் பெயர்பெற்ற பழச்சாறு நிறுவனமான எக்கெஸ் கிறானினியின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 2025 சனவரியில் ஹம்பேர்க் நுகர்வோர் நிலையம் நடத்திய வாக்கெடுப்பில் இந்த நிறுவனத்தின் 'கிறானினி ட்ரிங்கெனுஸ் ஒறாஞ்ச' 'ஆண்டின் ஏமாற்றுப் பொதி' என்ற பட்டத்தைப் பெற்றது. 2024இல் அந்தப் போத்தலில் இருந்த தோடம்பழச்சாற்றின் அளவு நூறு வீதத்திலிருந்து ஐம்பது வீதமாகக் குறைக்கப்பட்டு, மிச்ச இடம் தண்ணீராலும் சீனியாலும் நிரப்பப்பட்டது. போத்தலின் தோற்றம் ஏறக்குறைய முன்பு போலவே இருந்தது. விலையும் குறையவில்லை. மூலப்பொருளின் விலை கட்டுக்கடங்காமல் ஏறிவிட்டது என்று நிறுவனம் காரணம் சொன்னது.

அந்தக் காரணம் பொய்யல்ல. சட்டப்படி பார்த்தால் மோசடியும் அல்ல, ஏனெனில் போத்தலில் 'நெக்டார்' என்று எழுதியிருந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கவனிக்கும் நேரம் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இரண்டு வேலை முடித்து, பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலையில் விட்டுவிட்டு, கடை பூட்டுவதற்கு முன் ஓடிப்போய் வாங்குகிறவர் போத்தலின் நிறத்தையும் படத்தையும் பார்த்துத்தான் எடுக்கிறார். அதைத் தெரிந்துதான் நிறமும் படமும் மாற்றப்படாமல் விடப்படுகின்றன.

விலை ஏன் ஏறியது என்பதைப் பார்ப்போம். உலகச் சந்தைக்கு வரும் தோடம்பழச்சாற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பிறேசிலில் இருந்து வருகிறது. அங்கே சிறு பூச்சியொன்று பரப்பும் 'பசுமை நோய்' மரங்களை உள்ளிருந்து கொல்கிறது. அதற்கு மருந்து கிடையாது. நோயோடு வெக்கையும் வறட்சியும் சேர்ந்ததால், 2024/25 அறுவடை சுமார் 23 கோடி பெட்டிகளாகச் சுருங்கியது. மூன்று தசாப்தங்களுக்கு மேலாக அவ்வளவு குறைந்த விளைச்சல் இருந்ததில்லை. அமெரிக்காவின் புளோறிடாவின் நிலை இன்னும் மோசம். இருபது வருடங்களுக்கு முன் 24 கோடிப் பெட்டி விளைந்த அந்த மாநிலத்தில் 2024/25இல் கிடைத்தது 1.2 கோடி மட்டுமே. நியூயோர்க் சந்தையில் உறைய வைத்த தோடம்பழச் செறிசாறு 2024 இறுதியில் ஒரு இறாத்தல் ஐந்து டொலரைத் தாண்டியது. அதன் விளைவாக, சில வருடங்களுக்கு முன் ஒரு யூரோவைச் சுற்றி நின்ற மலிவுக் கடைகளின் ஒரு லீற்றர்ப் பெட்டி இரண்டு யூரோவைக் கடந்தது.

பிறகு 2025இல் பிறேசிலின் விளைச்சல் தேறியது. மொத்தச் சந்தை விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடைத் தட்டில் விலை ஏறிய வேகம் இறங்கும்போது இல்லை. சாறு நிறுவனங்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்குவதால் தாமதம் வரும் என்பது உண்மைதான். ஆனால் 'நெக்டார்' ஆக மாறிய போத்தல்கள், மூலப்பொருள் மலிந்துவிட்டது என்பதற்காகத் தாமாகவே மீண்டும் முழுச் சாறாக மாறிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே, இந்த நாட்டில் வாழும் எமது குடும்பங்கள் மூன்று சொற்களை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். 'புருக்ட்சாஃப்ட்' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது நூறு வீதச் சாறு. அதில் சீனி சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தடை செய்கிறது. 'நெக்டார்' என்றால் தோடம்பழத்துக்கும் அப்பிளுக்கும் குறைந்தது ஐம்பது வீதம், மாம்பழம், கொய்யா, வாழைப்பழம் போன்றவற்றுக்கு குறைந்தது இருபத்தைந்து வீதம் பழம் இருந்தால் போதும். இருபது வீதம் வரை சீனி சேர்க்கலாம். மூன்றாவது 'புருக்ட்சாஃப்ட்கெட்ரெங்க்'. பெயரில் சாறு இருக்கிறது, போத்தலில் அவ்வளவாக இல்லை. தோடம்பழ வகைக்கு ஆறு வீதம், மாம்பழத்துக்குப் பத்து வீதம், அப்பிளுக்கும் முந்திரிகைக்கும் முப்பது வீதம் இருந்தாலே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எமது விழா மண்டபங்களில், பூப்புனித நீராட்டு விழாவானாலும் பிறந்தநாளானாலும், மேசை மேசையாக அடுக்கப்படும் 'மல்ரிவிற்றமின்' போத்தல்களில் பெரும்பாலானவை இரண்டாவது அல்லது மூன்றாவது வகைதான். தண்ணீருக்கும் சீனிக்கும் பழத்தின் விலையைக் கொடுக்கிறோம்.

சாறு செறிவூட்டியதிலிருந்து தயாரிக்கப்பட்டதா, நேரடியாகப் பிழிந்ததா என்பதில் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். பிறேசிலில் பிழிந்த சாற்றின் தண்ணீரை ஆவியாக்கிச் சுருக்கி, கப்பலில் றொட்டர்டாமுக்கோ பெல்ஜியத்தின் கென்ற் துறைமுகத்துக்கோ கொண்டுவந்து, இங்கே மீண்டும் தண்ணீர் சேர்த்து அடைப்பதுதான் மலிவான வகை. 'டிறெக்ட்சாஃப்ட்' சுருக்காமல் அப்படியே வருவது. நாக்குக்கு வித்தியாசம் தெரியும். உடம்புக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கையில் காசு குறைவென்றால், செறிவிலிருந்து வந்த நூறு வீதச் சாறு, விளம்பரத்தில் மின்னும் எந்த நெக்டாரையும் விட நல்ல கொள்முதல்.

இனி, சாறு உண்மையில் என்ன தருகிறது? தோடம்பழச்சாறு 200 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 60 முதல் 80 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கும். ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதும் என்பது யேர்மன் ஊட்டச்சத்துக் கழகத்தின் கணக்கு. வளர்ந்த பெண்ணுக்கு 95, ஆணுக்கு 110. ஆக ஒரு சிறு கிளாசிலேயே பிள்ளையின் தேவை தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது கிளாஸ் சீனி மட்டுமே. சைவச் சாப்பாட்டுக்காரருக்கு இன்னொரு பயன் உண்டு: பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதற்கு விற்றமின் சி உதவுகிறது. குடிப்பதானால் சாப்பாட்டோடு குடிப்பதே நல்லது. அப்பிள் சாற்றில், தனியாகச் சேர்க்காவிட்டால், விற்றமின் சி மிகக் குறைவு. அதை ருசிக்காக வாங்கலாம், சத்துக்காக வேண்டாம்.

சீனிக் கணக்குத்தான் எங்களைச் சுடும். தோடம்பழச்சாற்றில் 100 மில்லிலீற்றருக்கு சுமார் 9 கிராம், அப்பிள் சாற்றில் 10 முதல் 11 கிராம். கோலாவில் 10.6. 'சீனி சேர்க்கப்படவில்லை' என்ற வாசகம் உண்மையே, ஆனால் பழத்திலிருந்து பிரிந்து வந்த சீனியையும் உலக சுகாதார நிறுவனம் 'கட்டற்ற சீனி' என்றுதான் எண்ணுகிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது அதன் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல். ஒரு கிளாஸ் சாறு பிழிய மூன்று தோடம்பழம் வேண்டும். மூன்று பழத்தை ஒரே இருப்பில் உரித்துச் சாப்பிடுகிறவர் அரிது, குடிப்பதற்கோ ஒரு நிமிடம் போதும். நார்ச்சத்தும் பிழிந்த சக்கையோடு போய்விடுகிறது.

தெற்காசிய உடம்புக்கு, ஐரோப்பியரை விட மெலிந்த நிலையிலேயே சலரோகம் வருகிறது என்பது நன்கு அறியப்பட்ட விடயம். எங்கள் வீடுகளில் அப்பா, அம்மா, மாமா, மாமி என்று யாராவது ஒருவராவது மருந்து எடுக்காத குடும்பம் குறைவு. அவர்களுக்கு 'பழம்தானே, நல்லது' என்று அன்போடு ஊற்றிக் கொடுக்கும் கிளாஸ்தான் பிரச்சினை. இதில் ஒரு விதிவிலக்கு: இன்சுலின் போடுகிறவருக்கு இரத்தத்தில் சீனி திடீரென இறங்கினால் ஒரு கிளாஸ் சாறு கைகண்ட மருந்து. அதற்காகச் சிறிய பெட்டி ஒன்றை வீட்டில் வைத்திருப்பது புத்தி. அதேபோல, கொழுப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ குளிசை போடுகிறவர்கள் 'கிறேப்ஃபுறூட்' சாறு குடிக்கும் முன் வைத்தியரிடம் கேட்கவேண்டும். சில குளிசைகளின் செறிவை அது இரத்தத்தில் ஏற்றிவிடும்.

காசுப் பக்கம் வருவோம். பூர்கர்கெல்ட் பெறும் தனியாள் ஒருவருக்குக் கிடைக்கும் 563 யூரோவில் உணவுக்கும் குடிபானத்துக்கும் ஒதுக்கப்பட்டது சுமார் 195 யூரோ. நாளுக்கு ஆறரை யூரோ. அதில் தினமும் இரண்டு யூரோச் சாறு ஒரு லீற்றர் வாங்கினால் மாதம் அறுபது யூரோ, அதாவது சாப்பாட்டுக் காசில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இன்னொரு அநியாயமும் இருக்கிறது. பழத்துக்கும் மரக்கறிக்கும் இந்த நாட்டில் பெறுமதி சேர் வரி 7 வீதம், சாற்றுக்கு 19 வீதம். அதே விற்றமின் சி வேண்டுமென்றால், நூறு கிராம் சிவப்புப் பப்றிக்காவில் நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எங்கள் சமையலில் எப்போதும் கிடக்கும் கோவாவிலும் தாராளமாக உண்டு, அதிகம் வேகவைக்காமல் வறை செய்தால்.

சாறுதான் வேண்டும் என்றால், யேர்மனியர் வழக்கத்தில் நல்லது ஒன்று இருக்கிறது. ஒரு பங்கு சாறுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்த 'ஷோர்ல'. பிராங்பேர்ட் குழாய்த் தண்ணீர் லீற்றருக்கு ஒரு சதம்கூட வராது. ஒரு பெட்டி நான்கு லீற்றராகப் பெருகும். பிள்ளைகள் முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். அடுத்தது, தட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் சின்ன எழுத்தில் ஒரு லீற்றருக்கான விலை போட்டிருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும், 0.75 லீற்றர்ப் போத்தலையும் ஒரு லீற்றர்ப் பெட்டியையும் கண்ணால் ஒப்பிட முடியாது. பிளாஸ்ரிக் போத்தலில் வரும் சாறுக்கும் 2022 சனவரி முதல் 25 சதம் 'பாண்ட்' உண்டு. அட்டைப் பெட்டிக்கு இல்லை. திருப்பிக் கொடுக்காத போத்தல் ஒவ்வொன்றும் விலையில் கால் யூரோவைக் கூட்டுகிறது.

இலையுதிர் காலத்தில் வெற்றறாவ், தவுனுஸ் பக்கத்து ஊர்களில் சொந்த அப்பிளைக் கொண்டுபோனால் பிழிந்து, சூடாக்கி, ஐந்து லீற்றர்ப் பைகளில் அடைத்துத் தரும் ஆலைகள் இருக்கின்றன. பை திறந்த பின்னும் வாரக்கணக்கில் கெடாது. சில நகரசபைகள் யாரும் பறிக்கலாம் என்ற அடையாளமாக மரங்களில் மஞ்சள் நாடா கட்டிவிடுகின்றன. எங்கள் சங்கங்கள் கோடையில் ஒன்றுகூடல் வைப்பதுபோல, செப்ரெம்பரில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால் செலவும் குறையும், பிள்ளைகளும் மரத்தைப் பார்ப்பார்கள்.

தமிழ்க் கடைக்கும் பிரதான புகையிரத நிலையத்தைச் சுற்றியுள்ள ஆசியக் கடைகளுக்கும் வருவோம். அங்கே எங்கள் கை தானாகவே நீளுவது மாம்பழம், கொய்யா, லீச்சிச் சாறு அடைத்த பேணிகளுக்கு. ஊரில் தோலகட்டி நெல்லிரசம் குடித்த நாக்கு, ஊர் ருசியைத் தேடுவது இயற்கைதான். ஆனால் இந்தப் பேணிகளில் பெரும்பாலானவை நெக்டாரோ அதற்கும் கீழானவையோ. 100 மில்லிலீற்றருக்கு 12 முதல் 14 கிராம் சீனி என்பது சாதாரணம், 330 மில்லிலீற்றர்ப் பேணியொன்றில் ஏறத்தாழ நாற்பது கிராமோ அதற்கு மேலோ இருக்கும். அதே கடையின் வேறு தட்டில் 850 கிராம் மாம்பழக் கூழ்ப் பேணி இருக்கும். நெக்டாருக்குச் சட்டம் கேட்பது இருபத்தைந்து வீதப் பழம்தான். அந்தக் கணக்கில் ஒரு கூழ்ப் பேணியிலிருந்து வீட்டிலேயே மூன்று லீற்றருக்கு மேல் செய்யலாம், பேணியின் விலையை மூன்றால் பிரித்துப் பாருங்கள். தேசிக்காய் பிழிந்து, சீனி சேர்க்காமல் விடுவது உங்கள் கையில் இருக்கிறது. கூழிலேயே சீனி சேர்த்த வகையும் விற்கப்படுகிறது, 'ட்சுக்கர்' என்ற சொல் பொருட்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கூழ் பெருமளவில் வருவது தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆந்திராவின் சித்தூரிலிருந்தும். ஐரோப்பாவில் தோடம்பழச்சாறு விலை உச்சத்திலிருந்து இன்னும் முழுதாக இறங்காத 2025 யூனில், அங்கே கிளிமூக்கு மாம்பழம் வாங்க ஆளின்றிக் குவிந்து கிடந்தது. கூழ் ஆலைகள் கிலோவுக்கு எட்டு ரூபா கொடுக்க வேண்டும், அரசு நான்கு ரூபா சேர்த்துக் கொடுக்கும் என்று ஆந்திர அரசு அறிவிக்கவேண்டி வந்தது. விவசாயிக்குக் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபா. எங்கள் தட்டில் இருக்கும் பேணியின் விலை அதற்காக ஒரு சதமும் இறங்கவில்லை.

பேணியைப் பற்றி இன்னும் இரண்டு விடயம். திறந்த பேணியை மிச்சக் கூழோடு குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். புளிப்பும் காற்றும் சேர்ந்தால் தகரம் உணவில் கரையும், கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். மற்றது உட்பூச்சு. பேணிகளின் உள்ளே பூசப்படும் பிஸ்பினோல் ஏ என்ற பொருளின் பாதுகாப்பான அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் இருபதாயிரம் மடங்கு குறைத்தது. அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய ஆணையம் அதைத் தடை செய்துள்ளது. பெரும்பாலான பொதிகளுக்கு 2026 யூலை 20 வரையும், பழம், மரக்கறி அடைக்கும் பேணிகளுக்கு 2028 சனவரி 20 வரையும் அவகாசம். சாற்றுச் சட்டத்திலும் 2026 யூன் 14 முதல் மாற்றம் வருகிறது. இயற்கையான சீனியில் குறைந்தது முப்பது வீதம் நீக்கப்பட்ட 'சீனி குறைத்த பழச்சாறு' என்ற புதிய பெயர் தட்டுகளில் தோன்றும். அதன் விலை எந்தப் பக்கம் சாயும் என்பதை, நீடர் ஓல்ம் போத்தலைப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.