மார்க் போடுகிறவர் யார்?

காடாம்புலியூர் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முந்திரி உடைக்கப் போகும் ஓர் அம்மாள் நின்று கேட்டார்: "தம்பி, சிதம்பரம் காலேஜுக்குப் பெரிய மார்க் வந்திருக்காமே, பேரன் சொன்னான். அதனால நமக்கு என்ன வரும்?"

பத்திரிகைகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவை கேட்கவில்லை, அம்மாள் கேட்டார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ‘நாக்’ குழு ‘ஏ பிளஸ்’ கொடுத்திருக்கிறது. அதன்மேல் நமக்குப் பகையில்லை. 1929ல் தோன்றியது முதல் இந்த ஜில்லாவின் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே படித்து வாத்தியாராகவும் குமாஸ்தாவாகவும் ஆகியிருக்கிறார்கள். அது நம்முடைய சொத்து. ஆகவேதான் கேட்கிறோம்: மார்க் போடுகிறவர் யார்? எதைப் பார்த்துப் போடுகிறார்?

மத்திய சர்க்கார் 2016 முதல் வருஷாவருஷம் கல்வி நிலையங்களுக்குத் தேசியத் தரவரிசைப் பட்டியல் வெளியிடுகிறது. அதன் கணக்கைப் பாருங்கள். போதனைக்கும் வசதிக்கும் நூற்றுக்கு 30. ஆராய்ச்சிக்கு 30. படித்து வெளியேறுவோரின் நிலைக்கு 20. பெண்கள், ஏழைகள், ஊனமுற்றோர், வெளி மாநிலத்தார் இவர்களையெல்லாம் ஒரே கூடையில் போட்டு 10. மீதி 10 எதற்குத் தெரியுமா? கம்பெனிக்காரரும் சக பேராசிரியரும் அந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு! ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இடம் கொடுத்ததற்கும் பெரிய மனிதர்களின் நினைப்புக்கும் ஒரே எடை. வளாகத்தைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கூலி என்று தனியாக ஒரு கேள்வி கிடையாது. பட்டியலுக்கான விவரத்தையும் பெரும்பாலும் கல்லூரிகளே எழுதிக் கொடுக்கின்றன. பரீட்சை எழுதுகிறவனே தன் தாளுக்கு விவரம் சொல்லும் ஏற்பாடு!

2025 பிப்ரவரியில் என்ன நடந்தது? ஆந்திராவில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்வையிடப் போன ‘நாக்’ ஆய்வுக் குழுவின் தலைவர் உட்படப் பத்துப் பேரை சி.பி.ஐ. கைது செய்தது. ‘ஏ பிளஸ் பிளஸ்’ வாங்கத் தங்கமும் ரொக்கமும் மடிக்கணினியும் கைமாறின என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பைக் கோர்ட்டார் சொல்லட்டும். சிதம்பரத்தின் மேல் நாம் இதைச் சுமத்தவில்லை. ஆனால் தராசு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

அண்ணாமலைநகரின் யோக்கியதையை உயர்த்தியவர்கள் வேறு ஆட்கள். 2012ல் நிர்வாகம் பணமில்லை என்று கையை விரித்தது. ஆட்குறைப்பு, சம்பள வெட்டு என்று பேச்சுக் கிளம்பியது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் ஊழியர்களைச் சேர்த்தது யார்? நிர்வாகம். வயிற்றில் ஈரத்துணி கட்ட வேண்டியவர் யார்? ஊழியர்! ஆசிரியரும் ஊழியரும் சேர்ந்து தெருவுக்கு வந்தார்கள். 2013 ஏப்ரலில் சர்க்கார் தன் அதிகாரியை நிர்வாகியாக உட்கார வைத்தது. அதே ஆண்டில் தனிச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டது.

சர்க்கார் எடுத்த பிறகாவது கட்டணம் குறைந்ததா? ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் குறையவில்லை. மற்ற சர்க்கார் கல்லூரிகளில் மருத்துவப் படிப்புக்கு வருஷத்துக்கு ரூ.13,610. இங்கே ஐந்து லட்சத்துக்கு மேல்! பெயர் சர்க்கார், விலை தனியார். 2020 டிசம்பரில் மாணவர்கள் வளாகத்திலேயே போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விடுதியைப் பூட்டியும் அவர்கள் கலையவில்லை. 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. சர்க்கார் கட்டணமும் வந்தது. இப்போது அது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. இந்த ஜில்லாவின் ஏழை வீட்டுப் பிள்ளை டாக்டருக்குப் படிக்கக் கதவைத் திறந்தது எந்தத் தரவரிசையும் அல்ல, அந்தப் போராட்டம்தான்.

கல்லூரிக்கு மட்டுமல்ல, ஊர்களுக்கும் மார்க் உண்டு. 2021 மார்ச்சில் ‘வாழ்வதற்கு எளிதான நகரங்கள்’ என்று டெல்லி ஒரு பட்டியல் போட்டது. பெரிய நகரங்களில் கோயம்புத்தூருக்கு 7வது இடம். அதற்கு முந்தின வருஷம் மார்ச்சில் பொது முடக்கத்தைச் சொல்லி நிறுத்தப்பட்ட தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளின் தொழிலாளிகள், வேலையும் முழுச் சம்பளமும் கேட்டு ஆலை வாசலில் நின்ற நகரம் அது. யாருக்கு எளிது, ஐயா?

நம் கடலூருக்கும் தேசிய வரிசையில் ஓர் இடம் கிடைத்ததுண்டு. 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழிற்பேட்டைப் பகுதிகளை அளந்தது. 70க்கு மேல் போனால் கடும் மாசு. கடலூர் 77.45 வாங்கி, கடும் மாசுபட்ட 43 பகுதிகளில் 16வதாக நின்றது! சிப்காட் வாசலில் இருக்கும் குடிகாட்டாரும் ஈச்சங்காட்டாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் சொன்னதைத்தான் வாரியம் எண்ணாக எழுதியது. இந்த மார்க்குக்கு யாராவது வளைவு கட்டினார்களா? மாலை போட்டார்களா?

அம்மாளின் கையைப் பார்த்தேன். முந்திரி ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்து கருத்திருந்தது. நாள் முழுக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் கிலோக் கணக்கில்தான் கூலி.

அடுத்த முறை ஆய்வுக் குழு சிதம்பரத்துக்கு வரும்போது, விருந்தினர் விடுதிக்குப் போகும் முன் நான்கு விஷயம் கேட்கட்டும்: கூட்டுகிறவருக்கும் காவல் நிற்பவருக்கும் மாதம் என்ன கிடைக்கிறது? வேலை நிரந்தரமா? ஓய்வு பெற்றவருக்குப் பாக்கி உண்டா? முந்திரி உடைப்பவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் எந்தப் படிப்பில் இருக்கிறார்கள்? பதிலை அண்ணாமலைநகர் வாசலில் பெரிய பலகையில் எழுதி வைக்கட்டும். காடாம்புலியூரிலிருந்து பஸ் ஏறி வந்து நாங்கள் படித்துக்கொள்கிறோம்.